சதுப்பில் மூன்று நாள்

குமாரபாளையத்துக் கரையில் வளர்ந்த யாம், எதிர்க்கரையில் பவானி வந்து காவிரியொடு கூடுவதைச் சிறு பிராயமுதற் கண்டவர்கள். அந்நீரை மேலே யார் காத்து அனுப்புகின்றனர் என்று ஒருநாளும் வினவியதில்லை. சென்ற விடுமுறையில் மாணவர் பதின்மர் நீலகிரிக்குச் சென்று, சாண்டிநல்லாப் பக்கத்துச் சதுப்பொன்றில் நின்றபோதே அவ்வினா எழுந்தது. காலை வைத்தால் பூமி மெத்தைபோல் அமிழ்கின்றது. நீருள் காற்றுப் படாமையால் மட்காத புல்பூண்டுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து கரிச்சேறாகியிருக்கின்றன. மழைநீரைப் பிடித்துச் சிறிது சிறிதாய் மோயாற்றின் வழியே பவானிக்கு விடுவதில் இச்சேற்றுக்கும் பங்குண்டு. நீலகிரியின் இத்தகைய சேற்றையே ஏடாகக்கொண்டு ஆர். சுகுமார் முதலிய அறிஞர்கள் 20,000 ஆண்டுகளின் தட்பவெப்பச் சரிதையை வாசித்து 1993-இல் வெளியிட்டனர். இது வறண்டாலோ, உள்ளடங்கிய கரி வாயுவாகி வானிற் சேரும்.

வெள்ளையர் கொணர்ந்து, பின்னரும் பல்லாண்டு அரசினர் பரப்பிய சீகையும் கற்பூரமரமும் புல்வெளிகளை விழுங்கின. எருமை மேய்த்த தோடர், தம் கோயிற்கூரைக்கு வேண்டிய சதுப்புப் புல்லுக்கும் அலைய நேர்ந்தது. மரத்தை நட்டவர் அவரல்லர். ஆற்றுநீர் உண்ணும் யாமோ அவரை நினைத்ததுமில்லை.

சீகைக் கன்றுகளைப் பிடுங்கினோம். கையிற் கொப்புளம் கண்டது. சிறிது பெருமையும் கொண்டோம். அங்கு வந்த தோட முதியவர் ஒருவர், "எத்தனை நாள் இருப்பீர்கள்?" என்று கேட்டார். மூன்று நாள் என்றோம். "விதை மண்ணுக்குள்ளே பல வருஷம் கிடக்கும், மழை பெய்தால் மறுபடி முளைக்குமே" என்று சொல்லி எருமைகளின்பின் போய்விட்டார்.

அடுத்த விடுமுறைக்குப் பதின்மருள் யாம் நால்வரே பெயர் கொடுத்திருக்கின்றோம்.