உழைச்செல்வாள்

இலக்கண வகுப்பில் ‘மாத்திரை’ என்று சொன்னவுடன் பின்வரிசையில் சிரிப்பு எழும். ஒவ்வோர் ஆண்டும் எழும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நான் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒருத்தி, “சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா மேடம்?” என்பாள். நானும் சிரித்துவிட்டு, கண் இமைக்கிற நேரத்தை, விரல் நொடிக்கிற நேரத்தைத்தான் நம் இலக்கணக்காரர்கள் மாத்திரை என்றார்கள் என்று தொடர்வேன். அளவு என்பதே அந்தச் சொல்லின் பொருள். மருந்துக்கடை மாத்திரையும் அளந்து வைத்த மருந்துதான். யாருடைய உடம்புக்காக அளந்தது, அளந்தவர் யாரைக் கேட்டு அளந்தார் என்ற கேள்வி என் சித்தி மகளின் கைப்பையில் ஒரு டப்பாவைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அவளுக்கு 34 வயது. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு பிள்ளைகள். நான்கு மாதமாகத் தூக்கமில்லை. நோட்டுத் திருத்தும்போது அழுதிருக்கிறாள். பிறகு அழுகையும் நின்றுவிட்டது. நின்றபோதுதான் பயம் வந்தது என்று பின்னால் சொன்னாள். பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டு, வீட்டில் சொல்லாமல், ஒரு தனியார் மருத்துவரிடம் போயிருக்கிறாள். உட்கார்ந்து எழுந்துவர ஐந்து நிமிடம் ஆகவில்லை. கையில் ஐந்து வகை மாத்திரை. சீட்டில் பெயர்களுக்கு எதிரே 1-0-1, 0-0-1 என்று எண்கள். எத்தனை, எந்த வேளை என்பது கணக்கு டீச்சருக்குத் தெரிந்தது. எது எதற்கு என்பது தெரியவில்லை. அட்டையை யாராவது பார்த்துவிட்டால் என்ன பதில் சொல்வது என்று, எல்லாவற்றையும் பிரித்து ஒரு சத்து மாத்திரை டப்பாவில் கொட்டிவைத்திருந்தாள். பெயரில்லாத ஐந்து நிறங்கள். மூன்று வாரம் விழுங்கியிருந்தாள். இடையில் மூச்சுவாங்கல் கூடியிருந்தது. “நோய் முத்துது போலக்கா” என்றாள்.

வீட்டில் மாமியாருக்கு விஷயம் பாதி தெரிந்து, மந்திரிக்க அழைத்துப்போகலாம் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அகப்பாட்டு படித்தவளுக்கு இது புதிதில்லை. பெண் மெலிந்தால் தாயும் செவிலியும் வேலனை வரவழைத்து வெறியாட்டு நடத்துவார்கள். ஆடு பலியாகும். என்ன ஆயிற்று உனக்கு என்று அந்தப் பெண்ணிடம் யாரும் உட்கார்ந்து கேட்டதாகத் தெரியவில்லை. காரணம் தோழிக்கு மட்டும் தெரியும்.

நான் அவளை மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனேன். மருத்துவர் அறைக்கு வெளியே ஒரு மேசை. அதன் பின்னால் ஐம்பதை நெருங்கும் ஒரு செவிலியர், மனநலச் செவிலியத்தில் தனிப் பயிற்சி பெற்றவர். ஓபி சீட்டை வாங்கிக்கொண்டு, “என்ன சாப்பிட்டுட்டு இருக்கம்மா?” என்றார். இவள் டப்பாவை நீட்டினாள். அவர் அதை ஒரு எவர்சில்வர் தட்டில் கவிழ்த்தார். போனில் இருந்த சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே விரலால் பிரித்துவைத்தார்.

“இது ஒண்ணுதான் மனச்சோர்வுக்கு. இது தூக்கத்துக்கு. இது படபடப்புக்கு. இது வயிறு புண்ணாகாம இருக்க. இது சத்து மாத்திரை. அஞ்சும் அஞ்சு வேலை. உனக்கு யாரும் சொல்லலையா?”

சொல்லவில்லை. அவர் அதற்காக யாரையும் குறைசொல்லவும் இல்லை, அடுத்த கேள்விக்குப் போனார். சின்ன வயதில் வீசிங் இருந்ததா? இருந்தது. இன்ஹேலர் வைத்திருந்தாயா? கல்லூரிவரை. செவிலியர் அந்தப் படபடப்பு மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து மருத்துவரின் அறைக்குள் போனார். அது புரோப்ரனலால். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழலை இறுக்கக்கூடியது என்பதால் கொடுக்கக்கூடாதது. மருத்துவர் உடனே அடித்துவிட்டார். மூன்று வாரமாக இவள் தன் பயத்தின் கனம் என்று நினைத்து மூச்சுத்திணறியது மாத்திரையால் என்பது ஒரே ஒரு கேள்வியில் தெரிந்துபோனது.

அந்தச் செவிலியரின் கேள்விகளை நான் வீட்டுக்கு வந்து எழுதிவைத்தேன். கவிதை எழுதுகிறவளுக்கு அப்படியொரு பொறாமை வரும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? கடைசி எப்போது? இன்னொரு பிள்ளை பெற எண்ணம் உண்டா, அது உன் எண்ணமா, வீட்டாருடையதா? கருத்தடை எது? காலையில் எத்தனை மணிக்கு எழவேண்டும், அதற்குள் எத்தனை பேருக்குச் சமைக்கவேண்டும்? மாத்திரை வீட்டில் எங்கே இருக்கிறது, யார் கையில்? புருஷன் அடிப்பாரா? கடைசிக் கேள்வியை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, மற்றவற்றைக் கேட்ட அதே குரலில் கேட்டார். என்னை அதற்கு முன்பே தண்ணீர் பிடித்துவர அனுப்பியிருந்தார். அந்தக் கேள்வியைச் சித்தி மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதிலைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இவை சுற்றிவளைத்துக் கேட்கும் கேள்விகள் போலத் தோன்றலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மருந்தியல் இருக்கிறது. மனச்சிதைவுக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் உடலில் புரோலாக்டின் சுரப்பைக் கூட்டும். மாதவிடாய் நின்றுபோகும், குழந்தை இல்லாத பெண்ணுக்கும் மார்பில் பால் கசியும். முன்கூட்டிச் சொல்லப்படாத பெண் அதை யாரிடம் போய்ச் சொல்வாள்? வால்புரோவேட் சாப்பிடும் தாய்மார்களுக்குப் பிறக்கும் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரக்கூடும். பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியில் சிக்கல் வரக்கூடும். கர்ப்பம் தெரிந்தபிறகு சொல்வதற்கான செய்தியா அது? மனச்சோர்வு மருந்துகள் பல பெண்களுக்கு உடலுறவில் விருப்பத்தையும் உச்சத்தையும் குறைக்கும். ஆண்களிடம் இதைக் கேட்கும் மருத்துவர்கள்கூடப் பெண்களிடம் கேட்பதில்லை என்பது என் தோழிகள் பலரின் அனுபவம். பெண்ணுக்கு அதில் இழக்க என்ன இருக்கிறது என்ற எண்ணமாக இருக்கலாம்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். தூக்கமாத்திரையான சோல்பிடெம் அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். பெண்களின் உடலிலிருந்து அந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது, காலையில் வண்டியோட்டும்போதும் அது இரத்தத்தில் மிச்சமிருக்கிறது என்று சொல்லி, 2013இல்தான் பெண்களுக்கான அளவைப் பாதியாக்கும்படி அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் கேட்டது. இருபது ஆண்டுகள் பெண்கள் ஓர் ஆணின் அளவில் தூங்கியிருக்கிறார்கள். இதே நிர்வாகம் 1977இல், கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்கவேண்டாம் என்று வழிகாட்டியது. 1993வரை அது நீடித்தது. பிறக்காத குழந்தையைக் காப்பதற்காக என்று சொல்லப்பட்டது. அந்தக் காப்பின் பேரில் பெண்ணுடம்பு அளக்கப்படாமலே நின்றது.

இரத்தப் பரிசோதனையில் சித்தி மகளின் ஹீமோகுளோபின் 8.4. தைராய்டு சரியாக இருந்தது. தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும், அதனால் முதலில் அதைப் பார்ப்பார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. சோர்ந்து கிடக்கும் பெண்ணிடம் மனத்தைத் தேடுமுன் தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்கவேண்டிய நாடு இது. இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினார்கள்.

நாங்கள் காத்திருந்தபோது ஒருவர் வந்து, “வீட்டம்மா சாப்பிடமாட்டேங்குறா சிஸ்டர். குழம்புல கலந்து குடுத்துரவா?” என்று மேசைமேல் குனிந்து கேட்டார். கெட்டவராகத் தெரியவில்லை. களைத்துப்போன மனிதர். செவிலியர் அவரை உட்காரவைத்தார். “கலந்து குடுப்பீங்க. ஒருநாள் தெரிஞ்சுரும். அப்புறம் அந்தம்மா மாத்திரையை மட்டுமில்ல, சோத்தையும் நம்பாது. ஏற்கெனவே யாரோ விஷம் வைக்கிறாங்கன்னுதானே பயப்படுது?” அவர் தலையாட்டினார். “ஏன் வேண்டாங்குதுன்னு கேட்டீங்களா?” கேட்கவில்லை. அடுத்தமுறை அழைத்துவாருங்கள், நான் கேட்கிறேன் என்று அனுப்பினார். மருந்தைச் சோற்றில் மறைத்துக் கொடுக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். அன்பினால்தான் கொடுக்கிறார்கள். சமைத்த சோற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உண்கிறவள் அந்தச் சமையலறையை நாள்தோறும் கழுவித் துடைக்கிறவளாகவும் இருப்பாள்.

என் சித்தி மகளுக்கோ வேறு பயம். சீட்டு கணவன் வீட்டார் கையில் கிடைத்தால் அது நாளை கோர்ட்டில் போய் நிற்கும் என்று. இது கற்பனைப் பயமில்லை. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் மனநோய் மணவிலக்குக்கான காரணங்களில் ஒன்று. சேர்ந்துவாழ இயலாத அளவுக்குக் கடுமையானதாக இருக்கவேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் மிரட்டுவதற்குச் சட்டத்தின் முழு வாசகம் தேவைப்படுவதில்லை, ஒரு மாத்திரை அட்டை போதும். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் முன்பு சிகிச்சை பெற்றதை மட்டும் வைத்து அவரை இப்போது மனநோயாளி என்று முடிவுகட்டக்கூடாது என்கிறது. மனநோய் இருப்பதாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார் என்றும் சொல்கிறது. தன் சிகிச்சை என்ன, பக்கவிளைவு என்ன என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்கிறது அதே சட்டம். மாணவியரே, இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு வராது, வாழ்க்கையில் யாருக்காவது வரும்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காக வகுக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, மருந்தோடு பக்கத்தில் நிற்பவர். அந்த நான்காமவரை வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்கிறார். ஆண்பாலில்தான். இன்று நம் மருத்துவமனைகளில் அந்த இடத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பரிமேலழகர் அவருக்கு நான்கு குணங்கள் சொல்கிறார்: நோயாளிமேல் அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறம், அறிவு. இதில் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு நான்காவதை நாம் விட்டுவிட்டோம். மருத்துவமனை நடைமுறையைப் பாருங்கள், செவிலியரிடம் எதிர்பார்க்கப்படுவது கீழ்ப்படிதல்.

நான்காவதைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆண்டு 1952. நவீன மனநல மருந்துகளின் கதை அங்கே தொடங்குகிறது. அதே 1952இல் ஹில்டெகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர், நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் பகுதி என்று ஒரு நூல் எழுதி வெளியிட்டார். இரண்டு ஆண்டுகளில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநலச் செவிலியர்களுக்கு மேற்படிப்பைத் தொடங்கினார். இன்று அமெரிக்காவின் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் மேற்பயிற்சி பெற்ற செவிலியர்கள், மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே நோய் கண்டறிந்து மருந்து எழுதுகிறார்கள். நம் நாட்டில் மனநலச் செவிலியருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அன்று அவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் அறைக்குப் போனதற்குக் காரணம் அதுதான். அதிகாரம் தரவேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதிகாரத்தோடு அவசரமும் வந்து, அவரும் ஐந்து நிமிடத்தில் 1-0-1 எழுதுகிறவராக மாறிவிட்டால் நமக்கு என்ன லாபம் என்றும் நினைக்கிறேன்.

பெண்ணியக் கூட்டங்களில் மாத்திரை என்றாலே ஒரு சந்தேகம் உண்டு. பெண்ணின் கோபத்தை நோயாக்கி, மயக்கிப் படுக்கவைக்கும் வழி அது என்று. அந்தச் சந்தேகத்துக்கு நியாயமான வரலாறு இருக்கிறது. என்றாலும், எழுந்து பல்துலக்க முடியாமல் கிடப்பவளிடம் போய், உன் துயரம் அரசியலானது, மருந்து வேண்டாம் என்று சொல்வதை நான் கொடுமை என்பேன். சித்தி மகளும் இதைத்தான் வேறுவிதமாகக் கேட்டாள். மாத்திரை சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா சிஸ்டர்? அவர் சொன்னார்: “உன் மாமியாரையோ ஸ்கூல் கரஸ்பாண்டன்டையோ இது மாத்தாதும்மா. காலையில எந்திரிக்க வைக்கும். எந்திரிச்சப்புறம் என்ன செய்யணும்னு நீதான் பாக்கணும்.”

பிறகு முறைகளைச் சொன்னார். மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். குமட்டலும் தலைவலியும் முதல் வாரத்திலேயே வரும். கெட்டது முன்னால் வரும், நல்லது பின்னால் வரும் என்று தெரியாதவர்கள் பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். தூக்கத்துக்கான க்ளோனசிபாம் பழகிவிடும், அதை மருத்துவர் சொன்னபடி சிறிதுசிறிதாகக் குறைக்கவேண்டும். எதையும் ஒரேநாளில் நிறுத்தினால் தலைசுற்றும், உடம்பில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும். நோய் திரும்பிவிட்டது என்று தப்பாக நினைத்துக்கொள்வாய். அட்டையிலிருந்து பிரிக்காதே. வீட்டில் வைக்க இடமில்லை என்றால் பள்ளி மேசை டிராயரில் வை, பூட்டு இருக்கிறதல்லவா?

ஏழு மாதம் ஆகிறது. தூக்கத்துக்கான மாத்திரை இரண்டாம் மாதமே நின்றுவிட்டது. அழுகை திரும்பி வந்தது; அதை நல்ல அறிகுறி என்று செவிலியர் குறித்துக்கொண்டாராம். கணவனிடம் இவளே சொன்னாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் ரிவ்யூவுக்கு வண்டியில் கொண்டுவிட்டார், உள்ளே வரவில்லை. போன மாதம், நன்றாக இருக்கிறேனே, குறைக்கலாமா என்று இவள் கேட்டிருக்கிறாள். செவிலியர் நாட்காட்டியை எடுத்தாராம். மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு, ஏப்ரலில் விடைத்தாள் திருத்தம், அது முடிந்ததும் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். “மே மாசம் உனக்கு லீவு. அதுக்குள்ள ஒம்பது மாசமும் தாண்டிரும். அப்ப டாக்டர்கிட்ட பேசிப் பாதி மாத்திரையா குறைப்போம், ஒவ்வொரு படியிலயும் நாலு வாரம் பாப்போம்” என்றாராம். மே முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமையை இருவருமாகக் குறித்துவைத்திருக்கிறார்கள்.