50 கிலோமீட்டர் ஓடப் போனேன்... 41-ல் நின்றேன்! ஏற்காடு மலைப்பாதையில் ஒரு ஞாயிறு

"ஏங் கண்ணு, பின்னாடி யாராச்சும் தொரத்திட்டு வர்றாங்களா?"

காபித் தோட்டத்து மண் பாதையில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, தலையில் விறகுக் கட்டோடு எதிரே வந்த பாட்டி கேட்ட கேள்வி இது. "இல்லீங்க பாட்டி, சும்மா ஓடுறோம்" என்றேன். "சும்மாவா?" என்று மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். அவர் காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. என் காலில் இருந்ததோ, இன்னும் இ.எம்.ஐ கட்டி முடிக்காத ஷூ.

சும்மா என்று சொன்னது பொய். அந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு பந்தயம் இருந்தது. பந்தயம் கட்டியவர் என் அப்பா.

நீ அம்பது... நான் அஞ்சு!

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. முப்பது வருடங்களுக்கும் மேலாகத் தரையில் சம்மணம் போட்டு, குனிந்த தலை நிமிராமல் வேலை பார்க்கிறவர். போன வருடம் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது, "மாத்திரை பாதி, நடை பாதி. தினமும் நடக்கணும்" என்றார் டாக்டர். அப்பா இதுவரை மாத்திரையை மறந்ததே இல்லை. ஆனால், நடந்ததும் இல்லை. 'பட்டறையில வேல கெடக்கு', 'தெருநாய் தொரத்துது', 'நாளைக்குப் பாப்போம்' என்று தினம் ஒரு காரணம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது இதற்காக அவரிடம் சண்டையே போட்டேன். "நீ மட்டும் என்னவாம்? மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துதானே இருக்க" என்றார். உண்மைதான். டிஜிட்டல் டெஸ்க் வேலை அப்படி. ஆனால், ஞாயிறுதோறும் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு குழுவோடு ஓடுகிறேன். அந்தக் குழு ஜனவரியில் ஏற்காட்டில் 50 கிலோமீட்டர் ஓடத் திட்டம் போட்டிருந்தது. கோபத்தில், "நான் அம்பது கிலோமீட்டர் ஓடப்போறேன்ப்பா. அதுவும் மலையில" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். அதை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "சரி பாப்பா. நீ அம்பது ஓடு. நான் டெய்லி அஞ்சு நடக்குறேன்." கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

கடற்கரைக்காரர்கள் மலை ஏறிய கதை

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு தூரம் ஓடினாலும் அது அல்ட்ரா. அதையே தார் ரோட்டை விட்டு, மண்ணும் கல்லும் வேருமாகக் கிடக்கும் பாதையில் ஓடினால் ட்ரெயில் அல்ட்ரா. நான் அதுவரை ஓடிய அதிகபட்ச தூரம் 30 கிலோமீட்டர், அதுவும் சமதரையில். சென்னையில் மலைக்கு எங்கே போவது? பரங்கிமலைப் படிக்கட்டுகளில் ஏறி ஏறி இறங்கியதுதான் எங்கள் பயிற்சி.

பொங்கல் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை இரவு, சென்ட்ரலில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தோம். பெயரில்தான் ஏற்காடு. ரயில் சேலம் வழியாக ஈரோடு போய்விடும், மலை ஏறாது. சேலத்தில் இறங்கி, வேனில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரம். அடிவாரத்தில் வியர்க்கிறது, மேலே போனால் ஸ்வெட்டர் தேடுகிறோம். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்பார்கள். ஏரி ஊருக்கு நடுவில் இருக்கிறது. காட்டுக்குப் பக்கத்தில் இப்போது காபித் தோட்டங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், இங்கே காபியைக் கொண்டுவந்தவர்.

குழுவில் 14 பேர். ஐ.டி-காரர்கள், ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு ஆட்டோ டிரைவர் அண்ணன், பிறகு நர்ஸாக வேலை பார்க்கும் அக்கா. அக்காவுக்குத்தான் கடைசி ஆளாக ஓடும் பொறுப்பு. அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. சேர்வராயன் கோயில் வரை ஏறி, அனுமதி வாங்கிய எஸ்டேட் பாதைகளில் சுற்றி, ஏரிக்குத் திரும்பினால் 25 கிலோமீட்டர். அதை இரண்டு முறை சுற்ற வேண்டும்.

நடப்பது குற்றமில்லை

ஞாயிறு காலை 5.30 மணி. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் கிளம்பினோம். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. முதல் ஏற்றத்திலேயே முன்னால் போனவர்கள் எல்லோரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அதிர்ச்சி. "ஏற்றத்துல நட, சமதரையில ஓடு, இறக்கத்துல சின்னச் சின்ன அடியா வை. மலை ஓட்டம்னா இதுதான்" என்றார் ஆட்டோ அண்ணன். இறக்கத்தில்தான் முன் தொடைத் தசை அதிகம் அடிவாங்கும் என்பது எனக்கு மறுநாள்தான் முழுதாகப் புரிந்தது.

1,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது சேர்வராயன் கோயில். குனிந்து நுழையும் குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மலைவாழ் மக்கள் மே மாதத்தில் இங்கே திருவிழா எடுப்பார்கள். நாங்கள் போனபோது பனியும் காற்றும் மட்டும்தான் இருந்தன. கும்பிட்டுவிட்டு இறங்கினால், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே காபிச் செடிகள், மரத்தைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, களத்தில் காயும் காபிப் பழங்கள். ஒரு வளைவில் முன்னால் போனவர் கையைத் தூக்கினார். நூறடி தூரத்தில் ஒரு காட்டெருமை. யாரும் போனை எடுக்கவில்லை, பேசவில்லை. அதுவாகத் தோட்டத்துக்குள் இறங்கிப் போகும்வரை பத்து நிமிடம் அப்படியே நின்றோம்.

முதல் 25 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் முடித்தேன். ஏரிக்கரையில் எலுமிச்சை சாதமும் கடலை மிட்டாயும் தயாராக இருந்தன. அப்பாவுக்கு, 'பாதி முடிஞ்சது. ஷூ வாங்கி வைங்க' என்று மெசேஜ் தட்டிவிட்டேன்.

இறுகிய மோதிரம்

தப்பு அங்கிருந்து தொடங்கவில்லை. காலையிலேயே தொடங்கியிருந்தது. தண்ணீர் குறைந்தால் மயங்கிவிடுவோம் என்ற பயத்தில், தாகம் இருக்கிறதோ இல்லையோ, தண்ணீர் கண்ட இடத்தில் எல்லாம் குடித்தேன். ஜனவரி குளிரில் வியர்வையோ குறைவு.

33-வது கிலோமீட்டரில் விரலில் ஏதோ உறுத்தியது. அப்பா செய்துகொடுத்த வெள்ளி மோதிரம். எப்போதும் தளர்வாகச் சுற்றும் மோதிரம், அசையவே இல்லை. வாட்ச் பட்டையும் இறுகியிருந்தது. 38-ல் குமட்டல். தலை விண் விண் என்று வலித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு பாட்டிலைத் திறந்தேன்.

பின்னால் வந்த அக்கா பாட்டிலை வாங்கிக்கொண்டார். என் கையைப் புரட்டிப் பார்த்தார். "இதுவரைக்கும் எவ்வளவு குடிச்சிருப்ப?" கணக்குப் போட்டேன். ஆறு லிட்டர் தாண்டியிருந்தது. "உப்பு ஏதாவது எடுத்தியா?" இல்லை.

அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் இருக்கும் சோடியம் நீர்த்துப்போகும். முற்றினால் குழப்பம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. இது எங்கோ ஒருவருக்கு மட்டும் வருவதல்ல. 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தை ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, 13 சதவிகிதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடியவர்கள்தான் அதில் அதிகம் சிக்கியிருந்தார்கள். அதாவது, இழந்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள்.

கார் வரக்கூடிய இடம்வரை மெதுவாக நடத்தியே கூட்டிப்போனார் அக்கா. வாட்ச் 41 காட்டியது. "அக்கா, இன்னும் ஒன்பதுதான். நடந்தாவது முடிச்சிடுறேன்" என்று கெஞ்சினேன். அழுதுவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். பந்தயத்தைச் சொன்னேன். அப்பாவைச் சொன்னேன்.

"ஒன்பது கிலோமீட்டர் அடுத்த மாசமும் ஒன்பதுதான். ஏறு வண்டியில" என்றார்.

அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர் கிடையாது. உப்பு தடவிய உருளைக்கிழங்கும் மாங்காய் ஊறுகாயும் கொடுத்தார். பேர் கேட்டார், நாள் கேட்டார், உளறுகிறேனா என்று பார்த்தார். வாந்தியோ குழப்பமோ வந்தால் நேராக ஆஸ்பத்திரி என்று டிரைவரிடம் சொல்லிவைத்திருந்தார். நல்லவேளை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிட்டேன்.

நீங்களும் இப்படி ஒரு ஓட்டத்துக்குக் கிளம்பினால் நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். எஸ்டேட், வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் நுழையாதீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள், பயத்துக்குக் குடிக்காதீர்கள். இதயப் பிரச்னை, சர்க்கரை இருந்தால் முதல் அடி வைக்கும் முன் டாக்டரைப் பாருங்கள்.

மிச்சக் கணக்கு

மாலை அம்மாப்பேட்டை வீட்டுக்குப் போனேன். "முடிச்சிட்டியா?" என்று அப்பா கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்திருக்கும். கையைப் பிடித்து விரலைப் பார்த்தார். ஒரு நூலை எடுத்து மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, விரலைச் சுற்றிக் கட்டி, சோப்பு தடவி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி வெளியே எடுத்தார். தொழில்காரர் கை, வலிக்கவே இல்லை.

"ஒடம்பு சொன்னத கேக்காம ஓடிருக்க" என்றார்.

"நீங்க டாக்டர் சொன்னதையே கேக்கல" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அம்மா இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை, தொடை வலியில் படிகூட இறங்க முடியாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். கீழே கேட் திறக்கும் சத்தம். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"எவ்வளவுப்பா நடந்தீங்க?"

"ரெண்டு இருக்கும். நாய் தொரத்துச்சு, திரும்பிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கு மூணு பாக்கி. உனக்கு ஒம்பது பாக்கி."

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் இரவு போனில் கணக்குச் சொல்கிறார். நேற்றைய கணக்கு: மூணே முக்கால்.