முறிகண்டியில் கச்சான், கோட்டையில் கேக்

கோண்டாவில் டேசனிலிருந்து கொக்குவில் பக்கமாகத் தண்டவாளப் பாதையால் வந்தால், கேற்றடி தாண்டினவுடன் ஒரு ஒழுங்கை கிழக்கே இறங்கும். நீங்களும் அந்த ஒழுங்கையால் நடந்தவர்தான். இரண்டு பக்கமும் கிடுகுவேலி. வேலிக்கு மேலால் தலைநீட்டுகிற பூவரசு. மாரியில் முழங்கால் மட்டும் செம்மண் வெள்ளம் ஓடும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ரீச்சரம்மா வருவா. தண்டவாளப் பாதை என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். நான் நினைத்துக்கொண்டிருக்கிற காலத்தில் அங்கே தண்டவாளம் இல்லை. 1990 யூனோடு கோச்சி நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் கழன்று கழன்று பங்கர்களுக்குப் போயின. மிஞ்சின சல்லிக்கல்லுக்குள் எருக்கலையும் நாயுருவியும் முளைத்தன. அதன் ஓரத்தில் சைக்கிள் போய்ப்போய் ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்தது.

அக்காவின் மகன் சின்னவன், கோச்சி நின்ற அந்த வருச மார்கழியில் பிறந்தவன். கோச்சி காணாத பிள்ளை. அவனுக்கு மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒஸ்ரின் கார் தெரியும். மேலே இரைச்சல் கேட்டால் அது ஹெலியா, சகடையா என்று எங்களுக்கு முதல் அவன் சொல்லுவான். கோச்சியை மட்டும் கார்ட் மாமாவின் வாயால்தான் அறிந்தவன். கார்ட் மாமா புகையிரதப் பகுதியில் இருந்து பென்சன் எடுத்தவர், எங்கள் வேலிக்கு அடுத்த வீடு. பின்னேரங்களில் விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு சின்னவனுக்கு யாழ்தேவி ஓட்டிக் காட்டுவார். 1956 சித்திரையில் யாழ்தேவி ஓடத் தொடங்கினதில் இருந்து கதை வரும். விடியப்புறம் கோட்டையில் ஏறினால் பின்னேரத் தேத்தண்ணிக்கு முதல் வீட்டில் நிற்கலாம். பொல்காவலை, மாகோ, அனுராதபுரம், வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று அவர் சொல்லிக்கொண்டு வரும்போது இடையில் ஒரு டேசனை விட்டால் சின்னவன் பிடித்துவிடுவான். கனடா அரசாங்கம் கொழும்புத் திட்டத்தில் தந்த டீசல் என்ஜின்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் மாறும். அந்த என்ஜின்களுக்குக் கனடாவின் மாகாணங்களின் பெயர். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா. இந்தப் பெயர்களை அந்த ஒழுங்கைக்குள் நாங்கள் முதன்முதல் கேட்டது என்ஜின்களின் பெயராகத்தான்.

அத்தானுக்குக் கொழும்பில் வேலை. பாதை ஆனையிறவோடு பூட்டு. வருவதென்றால் கிளாலிக்கடலால் இரவு வள்ளம் ஏற வேண்டும், கடலில் நேவி நிற்கும். அக்கா வரவேண்டாம் என்றே எழுதுவா. 1994 மார்கழி பிறக்கும்போது சின்னவன் கேட்டான், "அப்பா என்ர பிறந்தநாளுக்கு கோச்சியில வருவாரோ, சித்தி?"

அப்பம்மா முற்றத்தில் ஒடியல் காயவைத்துக்கொண்டிருந்தவ, தலையை நிமிர்த்தாமலே சொன்னா: "கோச்சி வராட்டி நாங்கள் ஒண்டைச் செய்வம், மோனை."

அப்படித்தான் தொடங்கினது.

முதலில் ரிக்கற். உங்களுக்கு நினைவிருக்கும், அந்தத் தடித்த சின்ன மட்டை ரிக்கற். பழைய கொப்பி மட்டைகளை அந்த அளவுக்கு வெட்டி, நீலப் பேனையால் "கோண்டாவில் – கொழும்புக் கோட்டை" என்று எழுதினேன். சின்னப்பிள்ளைகள் என்றபடியால் மூன்றாம் வகுப்பு போதும் என்று நான் போட்டிருந்ததை வாங்கிப் பார்த்த கார்ட் மாமா எல்லாவற்றையும் திருத்தச் சொன்னார். "எங்கட ஒழுங்கைப் பிள்ளையள் முதலாம் வகுப்பில போகட்டும்." பிறகு றங்குப்பெட்டியைத் திறந்து ரிக்கற் குத்துகிற குறட்டை எடுத்து எண்ணெய் போட்டார். பாச்சா உருண்டை வாசம் எங்கள் வீட்டு முற்றம்வரை வந்தது. விசில் இருந்தது. சிவப்புக் கொடி இருந்தது. பச்சைக் கொடியைப் பூச்சி அரித்திருந்ததால் அக்கா தன்னுடைய ஒரு சட்டைத்துணியைக் கொடுத்தா.

கேக்தான் பெரிய வேலை. மின்சாரம் போய் நாலு வருசம். ஜாம்போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சமாய் மண்ணெண்ணெய் விட்டு, நூல்திரி கொளுத்திப் படித்த காலம். சீனி, மா, முட்டை எதுவும் ஒரு வீட்டில் ஒரு கேக்குக்குக் காணாது. அதனால் அக்கா ஒரு யோசனை சொன்னா: ஒவ்வொரு வீடும் ஒரு பெட்டி. ரின்பால் பேணியில், பால்மாப் பேணியில் அவரவர் வீட்டில் என்ன இருக்கிறதோ அதை வைத்துக் கேக் போட்டு, பேணியைத் தட்டி உருட்டி எடுத்துப் படுக்கவைத்தால் கோச்சிப்பெட்டி. மீன்பேணி மட்டும் கூடாது என்று அப்பம்மா சட்டம் போட்டா. வனிலா எசன்ஸ் அந்த ஒழுங்கைக்கே ஒரு போத்தல்தான், ரீச்சரம்மா வீட்டில். அது சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருந்து இறங்கி, ஒவ்வொரு படலையாகப் போய்த் துளித்துளியாக விட்டுக்கொண்டு போனது. அன்று பின்னேரம் நீங்கள் எந்தப் படலையைத் திறந்திருந்தாலும் அந்த வாசம் உங்களுக்கு வந்திருக்கும்.

அப்பம்மா கேக் வேகவைக்கிற விதத்தை நான் இன்றைக்கும் கையால் காட்ட முடியும். பெரிய சருவத்துக்குள் கழுவிக் காயவைத்த மணல். மணலுக்குள் பேணியைப் பாதி புதைப்பா. கீழே ஊமல்கரி. மேலே மூடி, மூடிக்கு மேல் சிரட்டைத்தணல். மணிக்கூடு பார்க்கமாட்டா. மூக்கைச் சுருக்கிக்கொண்டு குந்தியிருப்பா, ஒரு நேரத்தில் "இப்ப எடு" என்பா. ஈர்க்கைக் குத்தி எடுத்தால் மா ஒட்டாது.

ஒரு பெட்டி பனங்கட்டி போட்டு மண்ணிறம். ஒன்று மா கிடைக்காமல் முழுக்க ரவை. சங்கக்கடை மனேச்சர் வீட்டில் பீற்றூட் சாறு விட்டுச் சிவப்பாக்கியிருந்தார்கள். மயிலிட்டிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து ஒழுங்கை மூலைக் கொட்டிலில் இருந்த அம்மாவிடம் சீனியும் இல்லை, முட்டையும் இல்லை. அவ ஒரு முழுக் குழல்பிட்டை அலுங்காமல் வாழையிலையில் கிடத்திக்கொண்டு வந்தா. தேங்காய்ப்பூ இடைக்கிடை வெள்ளையாகச் சுற்றி நின்றது, யன்னல் வைத்த பெட்டியேதான். அதை அக்கா என்ஜினுக்கு அடுத்ததாகப் பூட்டினா. சில்லுகளுக்குத் தட்டைவடை. நான் பிறகு எத்தனையோ பிறந்தநாள் கேக்குகள் பார்த்துவிட்டேன். சர்க்கரையில் செய்த ரோசாப்பூவும் மாடமாளிகையும் பார்த்தேன். அந்த நிறநிறமான கோச்சியின் வடிவு ஒன்றிலும் இல்லை.

பிறந்தநாள் திருவெம்பாவைக்குள் வந்தது. விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையைச் சுற்றிப் போகும்போதே சின்னவன் எழும்பிவிட்டான். அந்தக் குளிர் உங்களுக்குத் தெரியும்தானே, கிணற்றுத் தண்ணி சுடுகிற மார்கழிக் குளிர். தோயவார்த்து, திருநீறு பூசி, பிள்ளையார் கோயிலில் அருச்சனை. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சடங்கு இருக்கிறது. இவனுக்குப் பல் முளைத்தபோது தலையில் வெள்ளைத்துணி போட்டுப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். அவன் முன்னால் புத்தகமும் பேனையும் காசும் பரப்பிவைத்திருக்க, எல்லாவற்றையும் விட்டுவிட்டு உருண்டு விழுந்த ஒரு கொழுக்கட்டையைப் பிடித்து வாயில் வைத்தான். அன்று சிரித்த சிரிப்பை அப்பம்மா வருசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தா.

பின்னேரம் வெயில் சாய முற்றம் யாழ்தேவிப் பாதையாகிவிட்டது. கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் "சாவகச்சேரி" என்று மட்டை தொங்கினது. தென்னைக்குக் கீழே கொடிகாமம். உப்புப்பானை வைத்த இடம் ஆனையிறவு. கிணற்றடி வேம்புக்குக் கீழே முறிகண்டி. அங்கே ஒரு சின்னக் கல்லுக்குப் பொட்டு வைத்து, பக்கத்தில் அப்பம்மா சுளகில் வறுத்த கச்சானோடு இருந்தா. முறிகண்டியில் வாகனம் நில்லாமல் போனதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை, கோச்சியும் நிற்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டா. மாட்டுக்கொட்டில் பக்கம் அனுராதபுரம். அங்கே நான் கடகத்தில் வடை வைத்து "வடே, வடே" என்று கூவவேண்டும். விறாந்தைதான் கோட்டை.

பிள்ளைகள் ஓட்டுகிற கோச்சிக்கு என்ஜின் ஒரு தேயிலைப்பெட்டி, கைவண்டிலில் ஏற்றிக் கட்டினது. முன்னுக்கு ஒரு பேணியைப் புகைக்குழாயாகப் பொருத்தி, அதற்குள் தணல் போட்டுச் சாம்பிராணி தூவவேண்டும் என்பது அப்பம்மாவின் ஏற்பாடு. கார்ட் மாமா மறுத்தார். டீசல் என்ஜின் இப்படிப் புகைவிடாது என்றார். அப்பம்மா விடவில்லை. தான் கலியாணம் முடித்து வந்தது கரிக்கோச்சியில் என்றும், புகையில்லாமல் ஒரு கோச்சி தன்னுடைய முற்றத்தைவிட்டுப் போகாது என்றும் நின்றா. இறுதியில் என்ஜினின் பக்கத்தில் "ஒன்ராறியோ" என்று கரியால் எழுதுவது, மேலே சாம்பிராணி போடுவது என்று இரண்டுபேரும் இணங்கினார்கள்.

கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் பெட்டிகளாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் வாயிலும் பூவரசம் இலைக் குழல். கார்ட் மாமா வெள்ளைச் சேட்டை உள்ளே விட்டு, இடுப்புப்பட்டி கட்டி, காலில் சப்பாத்தோடு வருகிறார். படலையில் நின்று ஒவ்வொரு ரிக்கற்றாக வாங்கிக் குத்துகிறார். குத்துகிற சத்தத்துக்காகவே சிலர் திரும்பவும் வரிசையில் வந்து நிற்கிறார்கள். பச்சைத்துணி அசைகிறது. விசில். பூவரசங்குழல் எல்லாம் ஒன்றாக ஊத, ஒழுங்கை நாய்கள் குரைக்க, சாம்பிராணிப் புகையோடு யாழ்தேவி புறப்படுகிறது. சின்னவன் தேயிலைப்பெட்டிக்குள் எழும்பி நின்று டேசன் பெயர்களைக் கத்துகிறான். மூலையில் ஒரு பெடியன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ கரண்டில் ரேடியோ பாடுகிறது. அவன் களைத்தால் பாட்டும் இழுபடும்.

ஆனையிறவில் ஒருவரும் மறிக்கவில்லை. பாஸ் கேட்கவில்லை. கோச்சி அப்படியே தாண்டிப் போனது. வேலியோரம் நின்ற பெரியாக்கள் கை தட்டினார்கள். மயிலிட்டி அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

கோட்டையில் மெழுகுதிரி இல்லை, குத்துவிளக்கு ஏற்றினோம். விளக்கை ஊதி நூர்க்கக்கூடாது என்பதால் சின்னவன் கும்பிட்டான். பிறகு அக்கா, இரண்டு கிழமைக்கு முதலே வந்து தலையணைக்குக் கீழே ஒளித்துவைத்திருந்த அத்தானின் கடிதத்தை எடுத்து வாசித்தா. "கோட்டைக்கு வந்தாச்சு, அப்பா எங்க?" என்று அவன் கேட்கவில்லை. கடிதத்தை வாங்கி மடித்துக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு கேக்கைப் பார்த்தான். முதலில் முடிந்தது குழல்பிட்டுப் பெட்டி. வாழைப்பழமும் சீனியும் சேர்த்துப் பிசைந்து அள்ளிவிட்டார்கள்.

படம் எடுக்கவில்லை. பிலிமுக்கு எங்கே போவது?

அடுத்த வருசம் ஒக்ரோபர் 30 இரவு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தால், மழைக்குள் ஊரைவிட்டு நீங்களும்தான் வந்தீர்கள். அந்தக் கைவண்டிலில்தான் அப்பம்மாவை இருத்திக்கொண்டு போனோம். பக்கத்தில் எழுதின கரி மழையில் கரைந்து கொண்டு போனது. மீசாலையில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் கார்ட் மாமா காலமானார். அப்பம்மாவுக்குக் காரியம் செய்தது வன்னியில். அக்காவும் சின்னவனும் பிறகு கொழும்புக்குப் போய் அத்தானோடு சேர்ந்து, அங்கிருந்து கனடா. ரீச்சரம்மா மகளோடு லண்டனில். சங்கக்கடை மனேச்சர் வீட்டுப் பிள்ளைகள் பாரிசிலும் சுவிஸிலும். மயிலிட்டி அம்மா எந்தப் பக்கம் போனா என்று கேட்காத இடமில்லை.

2014 ஒக்ரோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்தது. 2015 தை 2ஆம் திகதி காங்கேசன்துறை வரைக்கும். கோண்டாவில் டேசன் புதுச்சாயத்தோடு நிற்கிறது. கேற்றடியில் மணி அடித்தால் மோட்டார்சைக்கிள்கள் நிற்கின்றன. ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டாயிற்று, வெள்ளம் இல்லை. கிடுகுவேலி இருந்த இடமெல்லாம் மதில். மதிலுக்கு மேலால் மாமரம் தெரிகிறது, படலை இருந்த இடத்தில் இரும்புக் கேற், கேற்றில் பூட்டு. வீட்டுக்கு ஆள் வைத்துக் கூட்டிப் பெருக்குகிறார்கள். திருவெம்பாவைக்குச் சங்கு இன்னும் வருகிறது, எழும்பிப் படலை திறக்கிற வீடுகள் குறைவு.

யாழ்ப்பாணத்திலேயே இப்போது பிறந்தநாளுக்கு என்ன வேண்டுமென்றாலும் எடுக்கலாம். பலூன் வளைவு, படம் அச்சடித்த கேக், பெயர் மின்னுகிற பலகை. பிள்ளைகளின் முகத்தில் அதைக் கண்டு வருகிற சந்தோசம் உண்மையான சந்தோசம். நானும் போய் இருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன். வீட்டுக்காரர் யாருக்கும் அன்றைக்குக் கையில் மா ஒட்டியிருப்பதில்லை. அந்த வீட்டு வாசலில் நின்று பக்கத்து வீட்டில் வேகிறதை மணந்து பார்க்க முடியாது.

சின்னவன் இப்போது ஒன்ராறியோவில் இருக்கிறான். ஸ்காபரோவில் வீடு. அவனுடைய மகளுக்கு வருகிற மார்கழியில் நாலு வயது. போன கிழமை வட்ஸ்அப்பில் எடுத்தான். மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே செய்யப்போகிறேன், யாழ்தேவிதான் என்றான். அவனுக்கு நினைவில் இருப்பது முறிகண்டிக் கச்சானும், ரிக்கற் குத்துகிற சத்தமும், சாம்பிராணி மூக்கில் ஏறித் தும்மினதும் மட்டும். மிச்சத்தைக் கேட்டுக் கேட்டு எழுதினான். எந்த வீடு எந்தப் பெட்டி போட்டது என்று வரிசையாகச் சொல்லச்சொன்னான். நான் சொல்லச்சொல்ல ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே அவர்கள் இப்போது இருக்கிற ஊரின் பெயரையும் போன் நம்பரையும் குறித்துக்கொண்டு வந்தான்.

குழல்பிட்டுக்கு வந்தபோது, "அதை ஆரிட்டக் கேக்கிறது, சித்தி?" என்றான்.

நான் போட்டு அனுப்பமுடியாத தூரம். ஆனால் மா வறுக்கிற பதமும் தேங்காய்ப்பூ எவ்வளவு, எந்தெந்த இடத்தில் போட்டால் யன்னல் சரியாக வரும் என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு விடிய எழும்பி வீடியோவில் நிற்கிறேன், நீ குழலை அடுப்பில் வை என்று சொல்லியிருக்கிறேன்.