தரை டிக்கெட்டில் லண்டன்: நாடகம் படிக்கப் போகிறவர்களின் 15 வாரங்கள்!

செப்டம்பர் கடைசி வாரம். லண்டனின் புளூம்ஸ்பெரி பகுதியில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். ஒரு கையில் பெட்டி, மறு கையில் செல்போன் மேப் என விடுதியைத் தேடி அலையும் இளைஞர்கள் கண்ணில் படுவார்கள். பிரிட்டிஷ் மியூசியமும் பல்கலைக்கழகக் கட்டடங்களும் நெருக்கமாக இருக்கும் பகுதி இது. இந்த இளைஞர்களில் சிலர் நாடகம் படிக்க வந்தவர்கள். மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு அல்ல, ஒரே ஒரு செமஸ்டருக்கு.

அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களை இப்படி 12 முதல் 15 வாரங்களுக்கு லண்டனுக்கு அனுப்பிவைக்கின்றன. 1861-ல் தொடங்கப்பட்ட ‘லாம்டா’, 1904-ல் தொடங்கப்பட்ட ‘ராடா’ போன்ற புகழ்பெற்ற நடிப்புப் பள்ளிகளிலும் வெளிநாட்டினர் சேரக்கூடிய குறுகிய காலப் படிப்புகள் உண்டு. பகலில் குரல் பயிற்சி, உடல் பயிற்சி, ஷேக்ஸ்பியர் வசனம். மாலையானால் நாடகம் பார்க்கக் கிளம்ப வேண்டும். முதல் நாள் பார்த்த நாடகம்தான் மறுநாள் வகுப்பின் பாடம்.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. லண்டனின் ‘வெஸ்ட் எண்ட்’ பகுதியில் மட்டும் சுமார் 40 நாடக அரங்குகள் இருக்கின்றன. பிரபலமான நாடகத்துக்கு நல்ல இருக்கை வேண்டுமென்றால் 100 பவுண்டைத் தாண்டிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்கு விசிட்டர் விசாவில் வருகிறவர்கள் பகுதிநேர வேலைக்கும் போக முடியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பணத்தில்தான் வாடகை, சாப்பாடு, பஸ், நாடகம் எல்லாம். ஆக, முதல் இரண்டு வாரங்களில் இவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் நடிப்பு அல்ல, டிக்கெட் வாங்குவது!

வாரத்துக்கு எட்டுக் காட்சிகள்

வெஸ்ட் எண்ட் நாடகங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலும் திங்கள் முதல் சனி வரை தினமும் மாலைக் காட்சி, வார நாள் ஒன்றிலும் சனிக்கிழமையிலும் மதியக் காட்சி. மொத்தம் எட்டு. இந்த எட்டில் எதற்குக் கூட்டம் குறையும், எந்த நாளில் விலை இறங்கும் என்று தெரிந்துகொண்டவர்களுக்கு லண்டன் கொஞ்சம் இறங்கி வரும்.

லெஸ்டர் சதுக்கத்தில் ‘டி.கே.டி.எஸ்’ என்ற சிறிய கட்டடம் இருக்கிறது. வெஸ்ட் எண்ட் நாடகங்களின் டிக்கெட்டுகளைத் தள்ளுபடி விலையில் விற்கும் இடம். நேஷனல் தியேட்டரில் ‘ஃப்ரைடே ரஷ்’ என்று ஒரு ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மதியம் 1 மணிக்கு அடுத்த வாரக் காட்சிகளுக்கான மலிவு டிக்கெட்டுகள் இணையத்தில் திறக்கப்படும். 12:55-க்கே செல்போனைக் கையில் எடுத்துவிடுவது நல்லது. ஸ்லோன் சதுக்கத்திலுள்ள ராயல் கோர்ட் தியேட்டரில் திங்கட்கிழமைகளில் மலிவு விலை. எல்லாம் விற்றுத் தீர்ந்த நாடகமா? காட்சிக்கு முன்னால் வரிசையில் நின்றால், வர முடியாதவர்கள் திருப்பிக் கொடுத்த டிக்கெட் கிடைக்கலாம்.

மலிவு டிக்கெட் என்றால் இடமும் அதற்கேற்றபடிதான். விக்டோரியா மகாராணி காலத்து அரங்குகளில் தூண்கள் அதிகம். தூணுக்குப் பின்னால் இருக்கும் இருக்கையை, ‘இங்கிருந்து மேடை முழுவதும் தெரியாது’ என்று முன்கூட்டியே சொல்லித்தான் விற்பார்கள். இன்னொன்று, உச்சி மாடம். படியேறிப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கும். பழைய அரங்குகள் பலவற்றில் இந்த மாடத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து தனி வாசல் வைத்திருந்தார்கள். பட்டும் நகையுமாக முன்வாசலில் இறங்கும் சீமான்களும் சீமாட்டிகளும், உச்சி மாடத்துக்குப் போகும் ஏழைகளோடு உரசிவிடக் கூடாதல்லவா? அந்த வாசல்கள் சில இடங்களில் இன்றும் இருக்கின்றன.

நின்றுகொண்டே ஷேக்ஸ்பியர்

ஆனால், லண்டனிலேயே மிக நல்ல இடத்துக்கு மிகக் குறைந்த விலை வைத்திருக்கும் அரங்கு ஒன்று உண்டு. தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கும் ‘ஷேக்ஸ்பியர்’ஸ் குளோப்’.

நம்மூர் டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? குளோபிலும் அப்படித்தான். மேடையைச் சுற்றி, கூரையில்லாத முற்றம். அங்கே சுமார் 700 பேர் நின்றுகொண்டு பார்க்கலாம். 1997-ல் திறந்தபோது இந்த டிக்கெட் 5 பவுண்டு. பல வருடங்கள் அந்த விலை ஏறவே இல்லை. இன்றும் லண்டனின் மலிவான நாடக டிக்கெட்டுகளில் இதுவும் ஒன்று. உட்காரக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். ஆனால், முதலில் வந்தவர்கள் மேடை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நடிகரின் காலடியிலேயே நிற்கலாம். அதிக விலை கொடுத்தவர்கள் மாடத்து மர பெஞ்சில் உட்கார்ந்து, வாடகைக்கு எடுத்த திண்டில் முதுகுவலியோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

அசல் குளோப் 1599-ல் கட்டப்பட்டது. 1613-ல் எட்டாம் ஹென்றி நாடகம் நடந்தபோது, மேடைக்காக வெடித்த பீரங்கியின் பொறி ஓலைக்கூரையில் பட்டு அரங்கு முழுவதும் எரிந்துபோனது. உயிர்ச்சேதம் பற்றிக் குறிப்புகள் இல்லை. ஒருவருடைய கால்சட்டையில் தீப்பிடிக்க, பீரை ஊற்றி அணைத்தார்கள் என்று அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று சொல்கிறது. மறு வருடமே திரும்பக் கட்டினார்கள். 1642-ல் நாடகங்களுக்கே தடை வந்து மூடப்பட்டது.

இன்றைய குளோப் எழக் காரணமானவர் ஓர் ஆங்கிலேயர் அல்ல. சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர். 1949-ல் லண்டன் வந்தபோது, ஷேக்ஸ்பியரின் அரங்கு இருந்த இடத்தைத் தேடிப் போனார். மதுபான ஆலை ஒன்றின் சுவரில் பதித்த பலகை மட்டுமே அங்கே இருந்தது. 1970-ல் அதற்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, ஆயுள் முழுக்க நிதி திரட்டி அலைந்தார். 1993-ல் இறந்துவிட்டார். அரங்கு முழுமையானதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நாடக மாணவர்களுக்கு இந்த முற்றம் ஏன் முக்கியம்? இங்கே நடிகரும் பார்வையாளரும் ஒரே வெளிச்சத்தில் இருக்கிறார்கள். இருட்டில் ஒளிந்துகொண்டு பார்க்க முடியாது. நீங்கள் கொட்டாவி விட்டால் ஹாம்லெட்டுக்குத் தெரியும்! தனிமொழி வசனத்தை நடிகர் தனக்குத்தானே முணுமுணுப்பதில்லை. எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துக் கேள்வியாகவே கேட்டுவிடுகிறார். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் புரியாத விஷயம், மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்றால் புரிந்துவிடும்.

பேருந்து நிறுத்தம் போல ஓர் அரங்கு

குளோபுக்குப் பக்கத்துத் தெருவிலேயே ‘ரோஸ்’ இருக்கிறது. 1587-ல் கட்டப்பட்ட, குளோபுக்கும் மூத்த அரங்கு. 1989-ல் அலுவலகக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது அதன் அஸ்திவாரம் வெளியே வந்தது. இடத்தைக் காப்பாற்ற நடிகர்களும் பொதுமக்களும் திரண்டு போராடினார்கள். கட்டடத்தின் வடிவமைப்பை மாற்றி, அஸ்திவாரத்தின் மேலே எழுப்பினார்கள். கீழே ரோஸ் இன்னமும் பத்திரமாக இருக்கிறது.

அங்கிருந்து ஆற்றங்கரையோடு மேற்கே நடந்தால் நேஷனல் தியேட்டர். 1976-ல் திறக்கப்பட்ட கான்கிரீட் கட்டடம். லண்டன் நடுவே அணுமின் நிலையத்தைக் கட்டியதுபோல இருக்கிறது என்று 1988-ல் இளவரசர் சார்லஸ் கிண்டலடித்தார். மாணவர்களுக்கு அந்தக் கிண்டலெல்லாம் பொருட்டே இல்லை. காரணம், அதன் பெரிய வரவேற்புக் கூடங்களில் டிக்கெட் இல்லாமலும் போய் உட்காரலாம். லேப்டாப்பைத் திறந்து கட்டுரை எழுதுகிறவர்கள், வசனம் மனப்பாடம் செய்கிறவர்கள், குழந்தையோடு வந்திருக்கும் அம்மாக்கள் என எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். சின்ன விடுதி அறையில் அடைந்து கிடக்க முடியாதவர்களுக்கு அது இன்னொரு வீடு.

யாருடைய ஆங்கிலம்?

வெளிநாட்டு மாணவர்கள் பலரையும் உறுத்துகிற விஷயம் உச்சரிப்பு. ‘ஷேக்ஸ்பியரை நம் வாயால் பேசினால் சிரிப்பார்களோ’ என்ற பயம். இந்தப் பயத்துக்கு குளோபே மருந்து கொடுத்திருக்கிறது. மொழியியல் அறிஞர் டேவிட் கிறிஸ்டலின் உதவியோடு, ஷேக்ஸ்பியர் காலத்து உச்சரிப்பிலேயே ரோமியோ ஜூலியட்டை 2004-ல் மேடையேற்றினார்கள். இன்றைய லண்டன் மேட்டுக்குடியினரின் ஆங்கிலத்தைப் போல அது ஒலிக்கவில்லை. சொல்லுக்கு நடுவிலும் கடைசியிலும் ‘ர்’ அழுத்தமாகக் கேட்கும் ஆங்கிலம் அது. ‘சரியான’ உச்சரிப்பு என்று இன்று நினைப்பதில் ஷேக்ஸ்பியரே பேசியிருக்க மாட்டார்!

2012-ல் இன்னும் ஒரு படி மேலே போய், அவருடைய 37 நாடகங்களை 37 மொழிகளில் குளோபில் நடத்தினார்கள். இந்தி, குஜராத்தி, வங்காளம், உருது எல்லாம் அந்த மேடையில் ஒலித்தன. தமிழுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

தெற்காசியக் குரலுக்கு லண்டன் மேடையில் இடம் சும்மா கிடைத்துவிடவும் இல்லை. 1976-ல் சவுத்ஹால் பகுதியில் சீக்கிய இளைஞர் ஒருவர் இனவெறிக்குப் பலியானார். அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்தது ‘தாரா ஆர்ட்ஸ்’ நாடகக் குழு. 1977-ல் தாகூரின் நாடகத்தோடு தொடங்கினார்கள். குழுவை நடத்திய ஜதீந்தர் வர்மா, 1990-ல் நேஷனல் தியேட்டரில் மோலியரின் ‘டார்டுஃப்’ நாடகத்தை இந்தியப் பின்னணியில் இயக்கினார். தென்மேற்கு லண்டனின் எர்ல்ஸ்ஃபீல்டில் தாரா தியேட்டர் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து படிக்கப் போகிறவர்கள் தவறவிடக் கூடாத முகவரி.

நாலு மணிக்கே இருட்டு

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் கும்மிருட்டு, குளிர், தூறல். வீட்டு நினைப்பு வந்து தொண்டையை அடைப்பது இந்த நாள்களில்தான். வசனம் பேசிப் பழகிய வாய், போனில் அம்மாவிடம் ‘நல்லா இருக்கேன்’ என்பதோடு நின்றுவிடும்.

இட்லி, தோசைக்கு ஏங்குகிறவர்களுக்குக் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் இருக்கிறது. தமிழ்ப் பெயர்ப் பலகைகள், மளிகைக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் அங்கே உண்டு. சற்றுத் தள்ளி மேனர் பார்க்கில் முருகன் கோயில். அங்கே போய்வந்தால் ஒரு வாரத்துக்குத் தெம்பு.

குளிர்காலத்துக்கு குளோபும் முற்றத்தை விட்டு உள்ளே போய்விடும். பக்கத்திலேயே 2014-ல் திறக்கப்பட்ட, சாம் வானமேக்கரின் பெயரைத் தாங்கிய சிறிய அரங்கில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாடகம். கோடையில் வெயிலில் நின்று பார்த்தவர்கள், இங்கே நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரு சுடரில் நடிகரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். நாடகம் முடிந்து திரும்ப வெள்ளி, சனிகளில் சில தடங்களில் இரவு முழுக்க மெட்ரோ ஓடுகிறது. மற்ற நாள்களில் ‘என்’ எழுத்தில் தொடங்கும் இரவுப் பேருந்துகள்தான் துணை. ஒரே டிக்கெட் கட்டணத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்தும் மாறிக்கொள்ளலாம்.

பின்னாடி பாரு!

டிசம்பர் வந்ததும் லண்டன் மேடையின் முகமே மாறும். அதுவரை இருமக்கூட யோசித்த பார்வையாளர்கள், ‘பான்டோமைம்’ நாடகங்களுக்கு வந்ததும் கத்தித் தீர்க்கிறார்கள். பெயரைப் பார்த்து மௌன நாடகம் என்று நினைத்துவிட வேண்டாம். அலாவுதீன், சிண்ட்ரெல்லா போன்ற கதைகளை வைத்து, பாட்டும் கூத்துமாக நடத்தும் குடும்ப நாடகம் இது. பெண் வேடத்தில் ஓர் ஆண் கட்டாயம் வருவார். நம்மூர் ஸ்பெஷல் நாடகத்தின் பபூனையும் ஸ்திரீபார்ட்டையும் ஒன்றாகக் குழைத்ததுபோல ஒரு பாத்திரம். வில்லன் வந்தால் ‘பூ...’ என்று கத்த வேண்டும். நாயகனுக்குத் தெரியாமல் பேய் வந்து நின்றால், ‘உனக்குப் பின்னாடி!’ என்று அரங்கமே அலற வேண்டும். 1901-ல் கட்டப்பட்ட ஹாக்னி எம்பயர் அரங்கில் நடக்கும் பான்டோமைம் மிகவும் பிரபலம்.

செமஸ்டர் முடிவதும் இதே வாரங்களில்தான். செப்டம்பரில் டிக்கெட் கவுன்டரில் வாய் திறக்கவே தயங்கிய மாணவர்கள், ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு மேடையைப் பார்த்துச் சத்தமாகக் கத்துவார்கள். எந்த ஊர் உச்சரிப்பு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.