ஈரத்துல நடந்து பார்த்தீங்களா?

எங்க இளையாத்தங்குடி பக்கம் பிள்ளை பள்ளிக்கூடத்துல வழுக்கி விழுந்தா, வீட்டுல முதல் கேள்வி: "பார்த்து நடக்கத் தெரியாதா?"

டாக்டரா நான் கேக்கிறது வேற. "எந்த இடத்துல விழுந்தே?"

தண்ணிக் குழாய்கிட்ட. சத்துணவு சாப்பிட்டுத் தட்டு கழுவுற இடத்துல. கழிப்பறை வாசல்ல. சாரல் அடிச்ச வராண்டாவுல. எல்லாமே ஈரத்தரை.

செட்டிநாட்டுக்காரங்களுக்குத் தரையைப் பத்தி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆத்தங்குடி கல்லைக் கண்ணாடி மேல வார்க்கிறாங்க. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சா இன்னும் மின்னும். ஆனா பழைய வீடுகள்ல கவனிச்சிருப்பீங்க, மழை நேரா விழுற முற்றத்துல பெரும்பாலும் கருங்கல்தான் கிடக்கும். பளபளப்பு எல்லாம் கூரைக்கு உள்ளே.

இப்போ கட்டுற பள்ளி, கல்லூரிகள் பலதுல அந்தக் கணக்கு இல்ல. முதல்வர் அறையில போட்ட அதே பாலிஷ் டைல்ஸ்தான் கை கழுவுற இடத்துலயும்.

தண்ணி பட்டா என்ன ஆகுதுன்னா, காலுக்கும் டைல்ஸுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு நீர்ப்படலம் மாட்டிக்குது. தரை கொஞ்சம் சொரசொரப்பா இருந்தா அந்தப் படலம் உடையும். வழவழன்னு இருந்தா கால் மிதக்கும். சோப்புத்தண்ணியைச் சரியா அலசாம விட்டிருந்தா இன்னும் மோசம்.

இதை அளக்கவே ஒரு கருவி இருக்கு: பெண்டுலம். ஊசலாடுற கை, அதோட நுனியில ரப்பர். தண்ணி தெளிச்ச தரையை உரசிட்டுப் போகும். தரை எவ்வளவு பிடிச்சு நிறுத்துதோ அவ்வளவு எண் கூடும். பிரிட்டன்ல 36 அல்லது அதுக்கு மேல இருந்தா ஆபத்து குறைவு, 25-லிருந்து 35 வரை நடுத்தரம், அதுக்குக் கீழே அதிகம்னு வச்சிருக்காங்க. ஷூவுக்கு ஒரு ரப்பர், வெறுங்காலுக்கு வேற ரப்பர். வகுப்பு வாசல்லயே செருப்பைக் கழட்டுற நம்ம பிள்ளைங்களுக்கு இந்த ரெண்டாவதுதான் முக்கியம்.

கடையில "ஆர் 9 சார், ஆன்டி ஸ்கிட்"ம்பாங்க. அந்த வரிசையே 9-லதான் ஆரம்பிக்குது, 13 வரை போகுது. அதுவும் பூட்ஸ் போட்டு, எண்ணெய் ஊத்தின சரிவுல நடந்து பார்க்கிற சோதனை. வெறுங்காலுக்கு அதை நம்பி வாங்காதீங்க.

பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கீங்களா? புதுத்தரை போடும்போது, "ஈரத்துல பெண்டுலம் எண் எவ்வளவு?"ன்னு எழுத்துல கேளுங்க. பழைய தரைன்னா குழாயடியிலயாவது சொரசொரப்பான கல், தண்ணி தேங்காம ஓட வாட்டம், ஒழுகுற குழாய்க்கு வாஷர். கடைசியில சொன்னதுக்கு ஆகுற செலவு ஒரு டீக்காசு.

அப்படியும் பிள்ளை கையை ஊனி விழுந்து, முழங்கைக்கு மேல வீங்கினா: உருவாதீங்க, நிமிர்த்தாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. அந்த எலும்பை ஒட்டித்தான் கைக்குப் போற முக்கிய ரத்தக்குழாய் இருக்கு. ரத்த ஓட்டம் தடைபட்டா சில மணி நேரத்துல தசை சாக ஆரம்பிச்சு, கை மடங்கினபடியே நின்னுடலாம். இருக்கிற நிலையிலேயே துண்டால தாங்கிக் கூட்டிட்டு வாங்க. ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால சாப்பிட எதுவும் கொடுக்காதீங்க. விரல் சில்லுன்னோ வெளுத்தோ இருந்தா, விரலை அசைக்க முடியலைன்னா, உடனே 108.