உட்காருடா என்று சொன்ன கேள்வி



இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் கம்பெனி வந்தபின், பென்னலூரில் விடியும் முன்பே வேன் வந்து நிற்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்த பெண்களின் பிள்ளைகள் அதில் ஏறிப் போனார்கள். மிச்சமிருந்த கழனிகளில் களைக்கொல்லி வந்தது. தப்பென்று சொல்லமாட்டேன், எங்கள் கழனியிலும் கோரைக்கு டூ-ஃபோர்-டி அடித்தோம்.

அந்த நாளில் எட்டாம் வகுப்பில், "களைக்கொல்லி களையை மட்டும் கொல்லும், நெல்லை ஒன்றும் செய்யாது" என்று நடத்தினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், மருந்து நெல்லு மேலயும்தானே படுது?" என்றான். வகுப்பே சிரித்தது. "உட்காருடா" என்றேன்.

போன மாதம் அவனே வீட்டுக்கு வந்தான். புகையான் விழுந்து கழனி வட்டம் வட்டமாகக் காய்ந்துவிட்டதாம். அவனுக்கு அந்தக் கேள்வி ஞாபகமில்லை. எனக்கு இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு படித்தது இது. டூ-ஃபோர்-டி என்பது செடியின் வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைப் போலச் செய்த பொருள். அகன்ற இலைக் களை தாறுமாறாக வளர்ந்து சாகும். புல்லினமான நெல்லும் மக்காச்சோளமும் தப்பிக்கும். ஆனால் உள்ளே ஒன்றும் மாறாமல் இல்லை. இந்தோனேசியரான ஓகாவும் அமெரிக்கரான பிமென்டலும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், டூ-ஃபோர்-டி பட்ட மக்காச்சோளத்தில் அசுவினியும் தண்டுத்துளைப்பானும் பெருகின. பயிரில் புரதச்சத்து கூடியிருந்தது. நல்ல சாப்பாடு கிடைத்தால் பூச்சியும் பெருக்கத்தானே செய்யும்! எல்லா ஊக்கியும் இப்படியல்ல. செடியைக் குட்டையாக்கும் சைக்கோசெல் கொடுத்த கோஸ் இனச் செடியில் அசுவினி குறைந்ததும் உண்டு.

அதே ஓகா பிறகு தன் நாட்டில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைக்கு முன்னின்றார். புகையான் தொல்லையால் 1986-இல் அங்கே நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். மருந்து சிலந்தியைக் கொன்றுவிட, புகையானுக்குக் கொண்டாட்டமாகியிருந்தது.

இவன் கழனி காய்ந்ததற்குக் களைக்கொல்லிதான் காரணம் என்று சொல்லமாட்டேன். யூரியாவையும் அள்ளிப் போட்டிருக்கிறான். தண்ணீரை வடிக்கச் சொன்னேன். அடுத்த போகத்தில் எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நடவும், தூரின் அடியை விரித்துப் பார்க்கவும் சொன்னேன். பிறகு, "அன்றைக்கு நீ கேட்டது சரிடா" என்றேன்.

"நானா சார் கேட்டேன்?" என்று சிரித்தான்.

கோனோவீடர் ஓட்டிப் பார்க்கிறானாம். அதற்கு வரிசை நடவு வேண்டும், அதற்கும் ஆள் வேண்டுமே!