ரேடியோவுக்கு ஒரு லைசென்ஸ்

எழுபதுகளில் சங்கரன்கோவிலில் ரேடியோ வைத்திருந்தவர்கள் ஆண்டுக்கு 15 ரூபாயைத் தபால் நிலையத்தில் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் வில்லை ஒட்டி முத்திரை வாங்க வேண்டியிருந்தது. டிவிக்கு 50 ரூபாய். 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியின் விவசாய நிகழ்ச்சிக்கு அது அநியாய விலை இல்லை. ஆனால் காசு கொடுத்தும் செய்தியில் கேட்டது அரசின் குரலைத்தான். எண்பதுகளின் நடுவில் கட்டணம் ஒழிந்தது. 1997இல் வானொலியையும் அரசு டிவியையும் நடத்தும் பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பானது, பெயருக்கு. ஊழியர் சம்பளம் இன்றும் ஒன்றிய அரசின் பணம், அதாவது ரசீது இல்லாத வரிப்பணம். பிரிட்டனில் டிவி லைசென்ஸ் இன்னும் உண்டு; 2025 ஏப்ரலில் அது வீட்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது. தொகையை முடிவுசெய்வது அங்கும் அரசுதான், ஆனாலும் பிபிசியின் பெரும்பகுதி வருமானம் பார்வையாளர் கட்டும் அந்தக் கட்டணமே.